யாழினி பெட்டி கட்டிய நாள்

வடவள்ளி மருதம் அடுக்ககத்தில், அன்றைய தொடர்களில் என்ன நடக்கப்போகிறது என்பது காலைக் காபி நேரத்துக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். மூன்றாவது மாடியில் இருக்கும் கோகிலவாணி குடியிருப்போர் குழுவில் எழுதிவிடுவாள். தொலைக்காட்சி நிறுவனம் தினமும் விடிந்ததும் அன்றைய புதிய அத்தியாயங்களின் சுருக்கத்தை அனுப்பும். அந்தத் தமிழைப் படித்தால் கொட்டாவி வரும். கோகிலவாணி தன் காப்பீட்டு நிறுவன வேலைக்குக் கணினியைத் திறப்பதற்கு முன்னால் அதை எடுத்துத் தன் போக்கில் மாற்றி எழுதுவாள். 'யாழினியின் மாமியார் இன்றும் அழுகிறார், நேற்றைவிடக் குரல் தேறியிருக்கிறது' என்பது போல. தொடரையே பார்க்காமல் அவள் எழுதுவதை மட்டும் படிக்கிறவர்களும் அங்கே உண்டு.

திருப்பூரில் இருக்கும் அவள் தங்கை ஒருநாள் போன் செய்து, யாழினிக்கு இரட்டைக் குழந்தை பிறந்த சந்தோஷத்தைப் பேச ஆரம்பித்தாள். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது உங்க கட்டடத்து யாழினி. எங்க யாழினிக்கு இன்னும் மாமியாரோட பஞ்சாயத்தே தீரல" என்றாள்.

அப்படித்தான் ஆகியிருந்தது காலம். நடிகர்களின் முகம் எல்லா ஊருக்கும் ஒன்று. கதை மட்டும் கட்டடத்துக்குக் கட்டடம் வேறு. ஒவ்வொரு அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலும் மின்கருவிகள் இருக்கும் அறையில் ஒரு கதைப்பெட்டி நிற்கும். டிவிக்கு முன்னால் மனிதர்கள் பேசுவதை அது கேட்கும். கேட்டு, அந்தக் கட்டடத்து மனசுக்குள் என்ன ஓடுகிறதோ அதைக் கதையாக்கி அன்றைய தொடர்களில் கலந்துவிடும். தொடக்கத்தில் வீட்டுக்கு ஒரு கதை கொடுத்துப் பார்த்தார்கள். நேற்று என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டில் பேச முடியாமல் போனதும் ஜனங்களுக்குத் தொடரே சலித்துவிட்டது. அதனால்தான் கட்டடத்துக்கு ஒரு கதை. பெட்டி கேட்கலாம் என்று எல்லோரும் சம்மதம் கொடுத்திருந்தார்கள். எவரும் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துச் சம்மதிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் சுருக்கங்கள் வந்தபோது கோகிலவாணி காபியைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் முறை படித்தாள்.

'மூத்தவள் யாழினி' குடும்பத் தொடரில் யாழினி ஒரு சூட்கேஸில் துணிகளை அடுக்கிப் பரண் மேல் ஒளித்து வைக்கிறாள். 'தடயம் தங்கராசு' துப்பறியும் தொடரில் ஒரு பெண் காணாமல் போகிறாள். அவள் வீட்டில் யாருக்கும் அவள் போனது மதியம் வரை தெரியவில்லை. 'அலைமகள் அருள்' பக்தித் தொடரில் திருமகள் அரண்மனையை விட்டுக் கிளம்ப முடிவு செய்கிறாள், ஆனால் அரசனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தாமரைக் குளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். 'கரண்டிப் போர்' சமையல் போட்டியில் முதலிடத்தில் இருக்கும் பெண், நாளை முதல் வரமாட்டேன் என்று நடுவரிடம் சொல்ல வாய் திறந்து, உப்புப் போதுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறாள். 'லாட்ஜ் நம்பர் பத்து' நகைச்சுவையில் மேனேஜரம்மா பஸ் டிக்கெட்டை இட்லிக் குண்டானுக்குள் மறைக்கிறாள். அது வெந்துவிடுகிறது.

ஐந்து தொடர். ஐந்திலும் ஒரே விஷயம். இதற்கு முன் இப்படி வந்ததே இல்லை. இரண்டாவது மாடியில் கல்யாணப் பேச்சு நடந்தபோது யாழினியின் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். தண்ணீர்ப் பிரச்சினை வந்தபோது லாட்ஜில் குழாய் உடைந்தது. ஒரு விஷயம் ஒரு தொடரோடு நின்றுவிடும், அதுதான் வழக்கம்.

கோகிலவாணி ஐந்தையும் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'நம் கட்டடத்தில் யாரோ ஒரு பெண்மணி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பப் பார்க்கிறார் போலிருக்கிறது. யாராக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போகவும்.'

எதிரில் அவள் கணவர் பூபதி தோசையைப் பிய்த்தபடி போனில் அதைப் படித்தார். ஒரு பம்புசெட் தொழிற்சாலையில் முப்பது வருஷம் சோதனைப் பிரிவைப் பார்த்தவர். தொழிற்சாலை முழுக்கத் தானியங்கி ஆனதும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். அன்று முதல் அடுக்ககத்தின் தண்ணீர் மோட்டார்கள் அவர் பொறுப்பு. படித்து முடித்தவர், பாதித் தோசையோடு எழுந்து, கீழே மோட்டாரில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

அவள் எழுதிய அந்தக் கடைசி வரி பத்து மணிக்குள் கட்டடத்தைப் புரட்டிப் போட்டது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். நான்காவது மாடியில் ஒருவர் பல வருஷம் கழித்துப் பரண் மேல் ஏறினார். கீழ் வீட்டுக்காரர் ஒருவர் அலுவலகத்துக்குப் பாதி தூரம் போய்விட்டு, மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அந்த அம்மா பூவை வாங்கிக்கொண்டு, உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். இரண்டாவது மாடியில் ஒரு மாமியார் மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, உனக்கு இங்கே என்ன குறை என்று விசாரித்தார். அந்த மருமகளும் சந்தர்ப்பத்தை வீணாக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்து, சாப்பாட்டு நேரம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஹாஜிரா மூச்சு வாங்க வந்து நின்றாள். அவளுக்கு ஆர்.எஸ். புரத்தில் சொந்தமாகத் தையல் நிலையம் இருந்தது. அன்று அதை உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஏனுங்க்கா, அது எங்க மாமியாரா இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க" என்றாள். "போன வாரம் புதுசா ஷூ வாங்கியிருக்காங்க. என்கிட்டச் சொல்லவே இல்ல."

கோகிலவாணி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சற்று நேரம் பேசியதில், ஹாஜிராவின் மாமியார் ஒரு மாதமாகப் பூங்காவில் நடைப்பயிற்சிக்குப் போகிறார் என்பதும், அதை மருமகள் கவனிக்கவே இல்லை என்பதும் தெரிந்தது. ஹாஜிரா வெட்கத்தோடு எழுந்து போனாள். அன்று மாலை இருவரும் சேர்ந்து நடக்கப் போனதைக் கோகிலவாணி பால்கனியிலிருந்து பார்த்தாள்.

ஆனால் எல்லாமே இப்படிச் சிரிப்பாக இருக்கவில்லை. ஒரு வீட்டில் கணவர் மனைவியின் போனைப் பிடுங்கிப் பார்த்தார் என்று அவள் கேள்விப்பட்டாள். தான் விளையாட்டாக எழுதியது இப்படியெல்லாம் போகும் என்று அவள் நினைக்கவில்லை.

மதியம் அவள் தரைத்தளத்தில் இருந்த ஜெனிட்டாவைத் தேடிப் போனாள். ஜெனிட்டா பொறியாளர். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் கதைப்பெட்டிகளையெல்லாம் பராமரிப்பது அவள் வேலை. கோகிலவாணி கேட்டதும், ஐந்திலும் ஒரே விஷயம் வந்ததைத் தானும் பார்த்ததாகவும், காரணம் தனக்கே புரியவில்லை என்றும் சொன்னாள்.

"யாருன்னு பெட்டிக்குத் தெரியுமா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"எந்த வீடுன்னு அதுக்குத் தெரியுங்க்கா. ஆனா கதையில காட்டிக் குடுக்காது. பேரை மாத்திரும், வயசை மாத்திரும், ஊரை மாத்திரும். மனசுல இருக்கற பாரத்தை மட்டும் அப்படியே வெச்சுக்கும். அப்படித்தான் அதைச் செஞ்சிருக்காங்க."

"அப்போ அந்தப் பாரம் நெசம்."

"நெசந்தாங்க்கா. இல்லாததை அது எழுதாது."

மாலையில் சங்கச் செயலாளர் வரதராஜுலு பொதுக்கூடத்தில் அவசரக் கூட்டம் போட்டார். கூட்டத்துக்கு எப்போதும் பத்துப் பேர் வந்தாலே அதிகம். அன்று நாற்காலி போதவில்லை. வரதராஜுலு வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சில் இருந்த கோபம் நியாயமானதுதான். வீட்டுக்குள் பேசுவது வெளியே வருகிறது, இன்றைக்குப் பல வீட்டில் சந்தேகம் புகுந்துவிட்டது என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் கோகிலவாணிக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, எந்த வீடு என்று பார்த்துவிட்டால் மற்ற வீடுகள் நிம்மதியாகத் தூங்கும், மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்கினால் போதும் என்றார். பல கைகள் அப்போதே பாதி எழுந்துவிட்டன.

கோகிலவாணி எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கெளப்பி விட்டதே நாந்தானுங்க. ஆனா ஒண்ணு. அந்தம்மா யாரா இருந்தாலும், சொல்லணும்னு நெனச்சு நெனச்சு, முடியாமத்தான் டிவிகிட்டச் சொல்லியிருக்காங்க. அவங்களே வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நாம பெட்டியத் தொறந்தா, அது அவங்க வாயில கைய விட்டு எடுக்கற மாதிரி."

வரதராஜுலு கண்ணாடியைத் துடைத்தார். அப்போது ஜெனிட்டா பின்வரிசையிலிருந்து, ஒரு திருத்தம் என்று சொல்லி எழுந்தாள்.

"அந்தம்மா அந்தம்மான்னு எல்லாரும் சொல்றீங்க. பெட்டி ஆணைப் பெண்ணாவும் மாத்துங்க. தொடர்ல பெரும்பாலும் பொம்பளைங்கதானே முக்கியப் பாத்திரம்."

காலையிலிருந்து மனைவியைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் இப்போது தலையைக் குனிந்தார்கள். மனைவிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். போனைப் பிடுங்கிய அந்த மனிதரைப் பார்த்து அவர் மனைவி கையை நீட்டினார். அவர் தன் போனை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அதற்குள் யாழினி நேரம் வந்துவிட்டது. முதலில் அத்தியாயத்தைப் பார்ப்போம், பிறகு கை தூக்குவோம் என்று யாரோ சொன்னதும் எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. கூடத்தின் பெரிய திரையைப் போட்டார்கள்.

யாழினி பட்டுப்புடவையில், நகையெல்லாம் போட்டுக்கொண்டு, சூட்கேஸைப் பரண் மேல் வைத்தாள். கண்ணாடிக்கு முன் வந்து நின்றாள். கணவனிடம் சொல்லப் போவதை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். "விஷயம் பெரிதல்ல," என்று தொடங்கி நிறுத்தினாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடி, "விஷயம் பெரிதல்ல, ஒரு வருடம்தான்," என்றாள். அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் கண்ணாடியைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசினாள். "பம்ப்பை ஓட்டாமல் சும்மா வைத்தால் உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது எதற்கும் உதவாது. நானும் அப்படித்தான் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது."

பட்டுப்புடவையில் ஒரு பெண் பம்ப் சீலைப் பற்றிப் பேசியதைக் கேட்டுக் கூடமே சிரித்தது. கோகிலவாணி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாக, அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது மோட்டாரை எதற்கு வாராவாரம் ஓட்டுகிறீர்கள் என்று யார் கேட்டாலும் பூபதி சொல்கிற பதில் அது. முக்கியமாக எதைச் சொல்ல வந்தாலும் 'விஷயம் பெருசில்ல' என்றுதான் அவர் தொடங்குவார். தங்கள் கல்யாணத்துக்கு அவர் சம்மதம் சொன்னதே அப்படித்தான்.

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பூபதி இல்லை. மோட்டார் அறைக்குப் போயிருப்பார் என்று யாரோ சொன்னார்கள். அவள் மோட்டார் அறைக்குப் போகவில்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியேறி வீட்டுக்குப் போனாள்.

பூபதி டிவியை மிகக் குறைந்த ஒலியில் வைத்து, நாற்காலியை அதற்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் யாழினி அழுதுகொண்டிருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டதும் அவர் ரிமோட்டைத் தேடினார். அது கிடைக்கவில்லை.

கோகிலவாணி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"எங்க போறீங்க?" என்றாள்.

பூபதி ரிமோட்டைத் தேடுவதை விட்டார். "விஷயம் பெருசில்ல கோகிலா," என்றார். சொன்ன உடனே நிறுத்திவிட்டார். அப்புறம், "இல்ல. பெருசுதான்" என்றார்.

பிறகு அவர் சொன்னார். தென்துருவப் பனிக்கண்டத்தில் நம் நாட்டு ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே ஏரியிலிருந்து தண்ணீர் இறைக்கும் பம்புகள் ஒருநாள் நின்றால்கூடக் குழாயெல்லாம் உறைந்துவிடும். அந்தக் குளிரில் தானியங்கி இயந்திரங்கள் அடிக்கடி படுத்துக்கொள்வதால், கையால் வேலை தெரிந்த ஒரு ஆளைக் குளிர்காலம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். பழைய தொழிற்சாலை நண்பர்கள் குழுவில் அந்த விளம்பரம் வந்தது. நமக்கெதற்கு என்று அவர் விட்டுவிட்டார். அப்புறம் ஒருநாள் மதியம், மறுஒளிபரப்பில் யாழினி மலேசியாவில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடுவதைப் பார்த்தார்.

"நீ வேலை செய்யற ரூம்ல கதவச் சாத்திட்டு இருந்த. நான் இங்க தனியா உக்காந்து பாத்துட்டு இருந்தேன். அந்தப் புள்ளைக்கு இருக்கற தைரியம் எனக்கில்லையான்னு தோணுச்சு. அப்பவே எழுந்து நானும் போட்டுட்டேன். கெடைக்காதுன்னுதான் நெனச்சேன். கெடச்சிருச்சு. மருத்துவச் சோதனையெல்லாம் முடிஞ்சுது. ஒரு வருஷத்துக்கும் மேல ஆகும், திரும்பி வர."

"மருத்துவச் சோதனை எப்பப் போனீங்க?"

"கண்ணாடி மாத்தப் போறேன்னு போனேனே, அன்னைக்கு."

கோகிலவாணிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வெளியே வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இத்தனை நாளா டிவிகிட்டச் சொல்லிப் பாத்திருக்கீங்க. கட்டடமே கேட்டுருச்சு. திருமகள் கேட்டாச்சு, தங்கராசு கேட்டாச்சு, லாட்ஜ் மேனேஜர் கேட்டாச்சு. நாந்தான் கடைசியா? நான் வேண்டாம்னு சொல்லிருவேன்னு பயமா?"

பூபதி தலையை ஆட்டினார். "அதுக்கில்ல. நீ வேண்டாம்னா நான் விட்டுருவேன், அதுல ஒண்ணுமில்ல. நீ பாட்டுக்கு உடனே, சரி போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டா? அதுக்குத்தான் பயந்தேன்."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்த மனிதர், தான் இல்லாமலும் இந்த வீடு நன்றாக ஓடிவிடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டு, அதை டிவியின் கருப்புத் திரையிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷமாக அவர் பக்கத்து அறையில் இருந்தார், அவள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் எழுந்து போய்த் திரையை அணைத்தாள். திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உடனே சொல்ல மாட்டேன்" என்றாள். "ரெண்டு நாள் சண்டை போடுவேன். அதுக்கப்புறந்தான் சரிம்பேன். போதுமா?"

பூபதி முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. போதும் என்றார்.

அவர்கள் சேர்ந்து கீழே இறங்கி வந்தபோது கூடத்தில் கைகளை எண்ணத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பூபதி முன்னால் போய் நின்று, பெட்டியைத் திறக்க வேண்டாம், கிளம்பப் போவது நான்தான், தென்துருவத்துக்கு, என்று சொன்னார். யாருக்கும் முதலில் விளங்கவில்லை. தென்காசியா என்று ஒருவர் கேட்டார். விளங்கியதும் கூடம் கலகலப்பாகிவிட்டது. எங்கே, எதற்கு, எவ்வளவு குளிர், பெங்குவின் கடிக்குமா என்று ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். ஹாஜிரா, அந்தக் குளிருக்கு உள்ளே போடுகிற மாதிரி கம்பளித் துணியில் நான் தைத்துத் தருகிறேன் என்றாள். வரதராஜுலுவுக்கு மட்டும் வேறு கவலை.

"அதெல்லாம் சரிங்க பூபதி. இங்க மோட்டாரை யார் பாக்கறது?" என்றார்.

பூபதி அதற்கு ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். பூ வாங்கி வந்தவரும் பரணில் ஏறியவரும் வாரம் ஒருவராக வந்து கற்றுக்கொள்ளட்டும் என்றார். அவர்களால் அன்று எதையும் மறுக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பெட்டியை என்ன செய்வது என்ற பேச்சு அதற்குப் பிறகு நடந்தது. வேண்டாம் என்று ஒரு பாதி, இருக்கட்டும் என்று மறுபாதி. இரண்டாவது மாடி மாமியார் எழுந்து, இன்றைக்குத்தான் என் மருமகளிடம் ஒழுங்காகப் பேசினேன், அது பெட்டியால் வந்தது, ஆனால் அடுத்த முறை பெட்டி சொல்லித்தான் பேச வேண்டும் என்றால் எனக்குக் கேவலம், என்றார். கடைசியில் அவர் பேச்சுப்படியே முடிவானது. பெட்டி இருக்கும், அதன் காதை மட்டும் அடைத்துவிடுவது. கதை கொஞ்சம் சப்பென்று போனாலும் பரவாயில்லை.

கோகிலவாணி சொன்னபடியே இரண்டு நாள் சண்டை போட்டாள். நல்ல சண்டை. பெங்களூரில் இருக்கும் மகளைப் போனில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் சேர்ந்து போட்ட சண்டை. மூன்றாவது நாள் பயணத்துக்கு என்னென்ன வாங்குவது என்று பேச ஆரம்பித்தார்கள். அவள் வேலை செய்யும்போது கதவு திறந்தே இருந்தது. பூபதி அவ்வப்போது எட்டிப் பார்த்து, மைனஸ் நாற்பது டிகிரியில் கிரீஸ் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் காப்பீட்டுக் கணக்கைப் பாதியில் விட்டு, என்ன ஆகும் என்று கேட்டாள்.

அடுத்த வாரம் ஜெனிட்டா வீடுவீடாக வந்து டிவிகளின் ஒலிவாங்கிகளைக் கழற்றினாள். கோகிலவாணி வீட்டு வேலை முடிந்ததும், கருவிகளைப் பையில் போட்டுவிட்டு, போகாமல் நின்றாள். பூபதி உள்ளே சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க வீட்டு விஷயம் உங்ககிட்டச் சொல்றதுல தப்பில்லைன்னு நெனைக்கறேன்" என்றாள் ஜெனிட்டா. "அஞ்சு தொடர்லயும் ஏன் ஒரே கதை வந்துச்சுன்னு பாத்தேன். பெட்டி பேச்சைச் சேத்து வைக்காது. எந்த வீடு, ஆண் குரலா பெண் குரலா, எப்ப ஆரம்பிச்சுது, அவ்வளவுதான் இருக்கும். ஒரு குரலா இருந்தா ஒரு தொடரோட போயிருக்கும். உங்க வீட்ல ரெண்டு குரல். ரெண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்குது."

"இன்னொரு குரல் யாருது?"

"பெண் குரல்ங்க்கா. அதுதான் முதல்ல ஆரம்பிச்சுது. அண்ணன் பேசறதுக்கு ரொம்ப முன்னாடி."

கோகிலவாணி, நான் ஒன்றும் சொல்லவில்லையே, எனக்கு அவர் போவதே தெரியாதே, என்று சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்கு நினைவு வந்தது. பூபதி காலை நடைக்குப் போயிருக்கும்போது, முந்தின நாள் அத்தியாயத்தைப் போட்டுவிட்டு, துவைத்த துணியை மடித்துக்கொண்டே அவள் யாழினியோடு பேசுவாள். எல்லோரும் பேசுவதுதானே. இப்படி நாலு சுவத்துக்குள்ள உக்காந்து என்னடி பண்ணப் போற, உனக்குத் தெரிஞ்ச வேலை இருக்குது, எங்காச்சும் தூரமாப் போய்ப் பண்ணு, இவங்கெல்லாம் சமாளிச்சுக்குவாங்க, எழுதிப் போடுடி. மாதக்கணக்கில் சொல்லியிருந்தாள். யாழினி ஒருநாள் அப்படியே எழுதிப் போட்டபோது, தன் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று சந்தோஷப்பட்டு, மறுநாள் குழுவில் அதைப் பற்றி நீளமாகக் கூட எழுதியிருந்தாள்.

அந்த யாழினியைப் பார்த்துத்தான் பூபதி விண்ணப்பம் போட்டார்.

ஜெனிட்டா போன பிறகும் அவள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. எதற்குச் சிரிக்கிறாய் என்று உள்ளேயிருந்து பூபதி கேட்டார். பழக்கதோஷத்தில் அவள் டிவியின் பக்கம் திரும்பி, "கேட்டியாடி யாழினி" என்று தொடங்கினாள். திரை அணைந்திருந்தது. அதற்குக் காதும் இல்லை.

அவள் அறைக்குள் போய், சூட்கேஸை நகர்த்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவரிடமே சொன்னாள்.